மதுரைக் கம்பியும் மண்டபத்துக் கம்பியும்: சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநிலத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் வந்த சுற்றறிக்கையை எங்கள் கிளைக்காரர்கள் எல்லோரும் வாசித்துவிட்டோம். என்ன நடந்தது, யார் சொல்லி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மறுபடி ஒப்பிக்கப் போவதில்லை. ஐம்பது உறுப்பினருக்குக் குறைந்த கிளைகள் "அருகிலுள்ள" பெரிய கிளையோடு சேரும் என்ற ஒரே வரியில், வீடு கட்டித் தரும் இன்ஜினியர்கள் 31 பேரைக் கொண்ட எங்கள் கடலோரக் கிளை மதுரைக் கிளைக்குள் காணாமல் போய்விட்டது. அந்த 'அருகிலுள்ள' என்ற சொல்லை எழுதியவர் மண்டபத்தில் பஸ் ஏறி மதுரையில் ஒருதரம் இறங்கிப் பார்த்திருக்கலாம். சுமார் 150 கிலோமீட்டர். ராமேஸ்வரத்துக்காரர் என்றால் இன்னும் கூட.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கிளையைத் திருப்பிக் கொடுங்கள். மாதக் கூட்டத்தை எங்கள் கடற்கரையிலேயே நடத்த விடுங்கள்.

இணைப்புக்குப் பிறகு மதுரையில் நடந்த முதல் கூட்டத்துக்கு எங்களில் நான்கு பேர் வந்தோம். உச்சிப்புளிப் பையன் ஒருவனும் வந்திருந்தான். படிப்பு முடித்து இரண்டு வருஷம், சொந்தமாக எடுத்த முதல் வீட்டு வேலை. தென்கடல் பக்கம் சைட். நாலடி தோண்டியதுமே உப்புத் தண்ணீர் ஊறுகிறது, அஸ்திவாரத்துக்கு என்ன செய்வது என்று ஒரு கேள்வி. மறந்துவிடக் கூடாதென்று பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தான். காலை ஐந்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியவன் அந்தச் சின்னத் தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மேடையில் பொன்னாடை போர்த்தி முடியப் பதினொன்றரை. பிறகு ஒரு டைல்ஸ் கம்பெனிக்காரர் படம் காட்டினார். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பையன் கையைத் தூக்கினான். "தம்பி, சாப்பாடு ஆறிடும், குரூப்ல போடுங்க" என்றார்கள்.

குரூப்பில் போட்டான். அதற்குக் கீழே பதினான்கு 'காலை வணக்கம்' பூக்களும் ஒரு கட்டைவிரலும் வந்தன.

திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் மூத்தவர் ஒருவர்தான் அந்த டிக்கெட்டை வாங்கிப் படித்தார். "குழியோட மூலையில இன்னும் ஒன்றரை அடி ஆழமா ஒரு கிணறு மாதிரி எடு. மோட்டாரை அதுல போட்டு, கான்கிரீட் இறுகுற வரைக்கும் நிறுத்தாம இறை. அடியில கம்பியில்லாத கான்கிரீட், அதான் பிசிசி, போடாம கம்பியை இறக்காத. சல்பேட் தாங்குற சிமென்ட்னு கடையில தலையில கட்டுவான், வாங்காத. கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற குளோரைடு உப்பும் சேர்ந்து இருக்கிற இடத்துக்கு, இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட்தான் நல்லது." பரமக்குடி தாண்டுவதற்குள் பதில் முடிந்துவிட்டது. பையன் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் எட்டு கிலோமீட்டர். அந்த எட்டு கிலோமீட்டரைக் கடக்க அவன் போக வர 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. சங்கம் உறுப்பினருக்குச் செய்து தரும் வசதி இன்றைக்கு இப்படி இருக்கிறது.

கிளை என்றால் என்ன பெரிய பிரயோஜனம் என்று நானும் ஒருகாலத்தில் கேட்டவன்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கத்தோடு.

தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீடு. நான் தனியாக எடுத்த மூன்றாவது வேலை. சந்தா கட்டி, மாதாமாதம் டீ குடித்துவிட்டு வருவதற்கு ஒரு சங்கமா என்று இருந்த காலம். கலவைக்கு வீட்டுப் போர்வெல் தண்ணீர். மேஸ்திரி ஒரு கை அள்ளி வாயில் ஊற்றித் துப்பிவிட்டு, "கரிக்கல சார், போடலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரிலேயே வளர்ந்த நாக்கு அவருடையது. அதற்கு எப்படிக் கரிக்கும்? கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் மூட இடைவெளி விடும் கவர் பிளாக்கைக் கம்பிக்கு அடியில் வைப்பதற்குப் பதிலாக அவர் ஜல்லியைச் செருகியதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆறாவது வருஷம் சன்ஷேடின் அடிப்பக்கம் பழுப்பாக ஒரு கோடு. அடுத்த மழையில் இரண்டடி நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. வீட்டுக்காரரின் அம்மா அதற்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய் நின்றபோது அவர் திட்டவில்லை. "இன்சினியர் தம்பி, எங்க பாட்டன் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டுன சுவரு இன்னும் நிக்குது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பழுதுபார்த்த செலவு என்னுடையது. அடுத்த மாதமே சந்தா கட்டினேன்.

நான் போன இரண்டாவது கூட்டம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மூத்தவர் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்: ஆளுக்கு ஒரு பாட்டிலில் உங்கள் சைட் தண்ணீர் கொண்டுவாருங்கள். பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி, தேவிப்பட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று துண்டுத் தாள் ஒட்டிய பதினோரு பாட்டில்கள் மேசையில். பழுப்புக் கண்ணாடிக் குப்பியிலிருந்து வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டார்; தண்ணீரில் குளோரைடு இருந்தால் அது வெளுக்கும். விரலில் பட்டால் கறுத்துப்போய்ப் பல நாளைக்குப் போகாது என்று எங்களை எட்டியே நிற்கச் சொன்னார். ஒரு பாட்டில் லேசாக மங்கியது. ஒன்று மோர் மாதிரி வெளுத்தது, அது என்னுடையது. கடலுக்கு ஐம்பதடியில் மணலைத் தோண்டி எடுத்த ஊத்துத் தண்ணீர் ஏறக்குறைய தெளிவாகவே இருந்தது. அந்த ஊத்துக்கு நூறடி உள்ளே தள்ளியிருந்த போர்வெல் திரிந்த பாலாகப் போயிற்று. எங்கள் பக்கத்தில் நிலத்தடி நீர் அப்படித்தான். மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் திட்டுத் திட்டாக மிதக்கும், ஆழமாகத் துளை போட்டால் உப்பைத் தொடும். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 சொல்வதைக் கல்லூரியில் எழுதிப் பாஸ் ஆனவன் நான். அந்த 500 கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை அந்த மேசையில்தான் பார்த்தேன். இந்த வேலையை மதுரைக் கூட்டத்தில் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். பதினோரு ஊர்த் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறச் சொல்கிறீர்களா?

மதுரைக் கிளை நண்பர்கள்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. அவர்கள் பார்க்கும் கட்டடம் வேறு, நாங்கள் பார்க்கும் கட்டடம் வேறு. அதே ஐஎஸ் 456 லேசான சூழலுக்குக் கம்பியை மூடும் கான்கிரீட் 20 மில்லிமீட்டர் போதும் என்கிறது. கடலோரக் காற்று படும் இடத்தைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி 45 மில்லிமீட்டர் கேட்கிறது. கலவையும் எம்30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையக் கூடாது. கடல் சாரலே அடிக்கும் இடமென்றால் 50, எம்35. மதுரைக் கூட்டத்தில் நான் 45 என்று சொன்னபோது பக்கத்து நாற்காலிக்காரர், "பாலமா சார் கட்டுறீங்க?" என்று சிரித்தார். நல்ல மனிதர். அவருக்கு வாடைக்காற்று சன்னல் கம்பியை என்ன செய்யும் என்று தெரியாது, அவ்வளவுதான்.

பாலம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, துரு தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு என்று எல்லாம் போட்டிருக்கிறார்கள். வலைக்கும் டீசலுக்கும் கடன் வாங்குகிற வீட்டுக்காரரிடம் போய்த் துருப்பிடிக்காத கம்பி வாங்கச் சொல்ல முடியுமா? அவருக்கு நாங்கள் கொடுக்க முடிந்தது நல்ல தண்ணீர், நல்ல கவர், பக்கத்தில் நின்று மேஸ்திரியை அதட்டும் ஓர் ஆள். அந்த ஆளைத் தயார் செய்வது கிளை. நான்கு வருஷத்துக்கு முன் பணம் போட்டு வாங்கிய, கான்கிரீட்டின் உறுதியைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்டு ஹேமர் ஒன்று, கையெழுத்து நோட்டுப் போட்டு வீடு வீடாகச் சுற்றுகிறது. வீட்டுக்காரரோடு தகராறு என்றால் மூத்தவர்கள் இரண்டு பேர் வந்து பார்த்துச் சொல்கிறார்கள். கடல் ஏறிவரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டரில் எது கட்டலாம் என்ற குழப்பம் வந்தால், அந்த அலுவலகப் படிகளை ஏற்கெனவே தேய்த்தவர் ஒருவர் இருக்கிறார். இதையெல்லாம் உறுப்பினர் எண்ணிக்கைப் பட்டியலின் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

இன்னொரு வேடிக்கை. இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று ஆராய்வதற்காகவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையம் வைத்தது. நாட்டின் விஞ்ஞானிகள் துருவைத் தேடி எங்கள் ஊருக்கு வந்தார்கள். நம் சங்கமோ "கடலோரக் கட்டடங்களில் துரு" என்ற கருத்தரங்கை அடுத்த மாதம் மதுரையில் ஏசி ஓட்டல் ஒன்றில் வைத்திருக்கிறது. துருவுக்கும் அழைப்பிதழ் அனுப்பிவிட்டீர்களா? அதற்கும் பஸ் கட்டணம் உண்டா?

எதற்கெடுத்தாலும் மதுரை என்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்றுதான். பெரிய ஸ்கேன் மதுரை, விமானம் மதுரை, நல்ல எம்-சாண்ட் வேண்டுமென்றாலும் லாரி அந்தப் பக்கமிருந்துதான் வர வேண்டும். ஒழுங்காக வேலை செய்யாத ஊழியரைத் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று மிரட்டினால், அது ராமநாதபுரம் என்று தமிழ்நாட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தண்டனையாகவாவது இங்கே ஆள் அனுப்பினார்கள். நம் மாநில நிர்வாகிகள் யாரும் எனக்குத் தெரிந்து ஒன்பது வருஷமாகப் பாம்பன் கடக்கவில்லை. ராமேஸ்வரம் தரிசனத்துக்கு வந்திருக்கலாம்; அந்தக் கணக்கு சாமிக்குத்தான் தெரியும்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததை முறையாகவே கேட்கிறேன்.

கடலோரக் கிளையை முன்பிருந்தபடியே தனிக் கிளையாக வையுங்கள். ஐம்பது பேர் கட்டாயம் என்றால் எங்களுக்கு இரண்டு வருஷம் அவகாசம் கொடுங்கள். தொண்டி முதல் சாயல்குடி வரை வீடு கட்டித் தருகிற பையன்களும் பெண்களும் எத்தனையோ பேர் சங்கமே இல்லாமல் இருக்கிறார்கள், நாங்களே போய்ப் பேசிச் சேர்க்கிறோம். சந்தாவில் மாநிலத்தின் பங்கை ஒரு பைசா குறையாமல் அனுப்புகிறோம். ஹாலுக்கு வாடகைகூடக் கேட்கவில்லை, ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சு தருகிறார்கள். மாதக் கூட்டம் இங்கே நடக்க வேண்டும், அவ்வளவே.

சுற்றறிக்கை எப்படியிருந்தாலும், வரும் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டபத்தில் கூடுகிறோம். அந்த உச்சிப்புளிப் பையன் தன் அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசப் போகிறான். தண்ணீர் இறைத்து, ஸ்லாக் சிமென்டில் போட்டு முடித்துவிட்டான். உங்களில் ஒருவராவது வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பொன்னாடை கிடையாது, டீயும் வடையும் உண்டு. வரும்போது உங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்து வாருங்கள், சொட்டு விட்டுப் பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
கடலோரக் கிளையின் பொருளாளர்
(சுற்றறிக்கைப்படி, முன்னாள்)