தவுக்கேயின் மனைவியை மறந்துவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு மலரில் சீனக் குடும்பத் தொழில்கள் பற்றிய கட்டுரை. 'வியாபாரம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது' என்ற வரி வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். மனசு ஆறவில்லை.

ஈப்போவில் ஒரு சீன மொத்த மளிகைக் கடையில் 31 வருடம் கணக்கு எழுதியவன் நான். அந்தக் கடையைக் கட்டிக் காத்தது தவுக்கேயின், அதாவது முதலாளியின், மனைவி. கல்லாச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். கடை அடைத்ததும் சில்லறை வரை எண்ணி, என்னிடமும் மூத்த மகனிடமும் ஒரே மாதிரி கணக்குக் கேட்பார். அந்த மகன் பத்து வருடம் அரிசி மூட்டை இறக்கிய பிறகுதான் காசோலையில் கையெழுத்துப் போட்டான். கடனுக்குச் சரக்கு கொடுத்தவர்களும் சீனாவில் அவர்களுடைய சொந்த ஊர்க்காரர்களே. ஒரு தவணை தவறினால் ஊர்ச் சங்கம் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

ரத்தம்தான் காரணம் என்றால் இயோ ஹியாப் செங் ஏன் கைமாறியது? 1900-ல் சீனாவில் சோயா சாஸ் கடையாகத் தொடங்கி, சிங்கப்பூரில் பேர்போன நிறுவனமாகி, பங்காளிச் சண்டையால் 1995-ல் குடும்பத்தை விட்டே போனது. இன்னொரு சாஸ் நிறுவனமான லீ கும் கீ 1888-லிருந்து நிற்கிறது. அங்கேயும் குடும்பம் இரண்டு தடவை உடைந்தது. அப்புறம்தான் தங்களுக்கென்று ஒரு சட்டம் எழுதி, குடும்பக் குழு வைத்து உட்கார்ந்து பேசினார்கள். 1949-ல் ஜொகூர் பாருவில், பின்னாளில் பெரும் தொழிலதிபர்களான குவோக் சகோதரர்கள் தொழில் தொடங்கியபோது பக்கபலமாக நின்றவர் அவர்கள் தாயார். உங்கள் கட்டுரையில் ஒரு பெண்ணைக்கூடக் காணோம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் ஒவ்வொரு தீபாவளி மலரிலும் 'நம்மவர்களுக்கு வியாபாரம் வராது' என்று யாரையாவது எழுத வைக்கிறீர்கள். சீனக் கடைக்காரர்களும் ஈயச் சுரங்கக்காரர்களும் செட்டியார் கிட்டங்கியில், அதாவது நம்மவர்களின் வட்டிக்கடையில், கடன் வாங்கிய மலாயா இது. இரண்டு வருடத்துக்கு முன் இதை இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நான்கு வரி வந்தது, அதிலும் என் ஊர்ப் பெயர் தப்பு.

இப்போதும் அதே ஊர்தான். இயூ யான் சாங் மருந்துக்கடை ஹாங்காங்கில் தொடங்கியதாகப் போட்டிருக்கிறீர்கள். 1879-ல் அதைத் தொடங்கியது எங்கள் கோப்பெங்கில், ஈயச் சுரங்கக் கூலிகளுக்கு மருந்து கொடுப்பதற்காக. வரும் ஞாயிறு அதையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
கோப்பெங், பேராக்