பிரிண்டர் வாங்கப் போகிற மகளுக்கு

மயிலாடுதுறை
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அவசரமாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருந்தது. ராத்திரி படுத்த பிறகும் அதே நினைப்புதான். 3,800 ரூபாய்க்கு ஆஃபரில் ஒரு பிரிண்டர் வருகிறது, இன்றைக்குள் வாங்கினால்தான் அந்த விலை என்றாய். வாங்காதே என்று மட்டும் சொன்னேன். ஏன் வேண்டாம், எதை வாங்கலாம் என்று சொல்லவே இல்லை. தாலுகா ஆபீஸ் எதிரில் இருபது வருஷம் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை நடத்தியவள், பெற்ற பெண்ணுக்கு ஒரு பிரிண்டர் பார்த்துச் சொல்ல வேண்டாமா? போனில் பேசினால் பாதியில் சின்னவள் பிடுங்கிக்கொள்வாள். அதனால் எழுதியே அனுப்புகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

முதலில் கணக்கு. பெரியவனுக்கு ஒர்க்‌ஷீட், சின்னவளுக்கு வெட்டி ஒட்டுகிற படங்கள், மாப்பிள்ளைக்கு எப்போதாவது ஆபீஸ் பேப்பர், இடையில் ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம். எல்லாம் சேர்த்து வாரத்துக்கு இருபது பக்கம் என்றாய். அப்படியானால் வருஷத்துக்கு ஆயிரம் பக்கம். நீ சொன்ன அந்த மாடலின் கருப்பு கார்ட்ரிட்ஜ், அதாவது மாட்டுகிற மை டப்பா, எத்தனை பக்கம் வரும் என்று பார்த்தேன். கம்பெனி சொல்வதே 120 பக்கம்தான். விலை கிட்டத்தட்ட 800 ரூபாய். ஒரு பக்கத்துக்கு ஆறரை ரூபாய்க்கு மேல் ஆகிறது, பாப்பா! இங்கே நம் ஊர்க் கடையில் கருப்பு வெள்ளை பிரிண்ட் இரண்டு மூன்று ரூபாய்தான். கருப்புக்கு மட்டும் வருஷத்துக்கு எட்டு ஒன்பது கார்ட்ரிட்ஜ், ஆறாயிரத்துக்கு மேல். பிரிண்டரின் விலையைவிட அதிகம். கலர் கார்ட்ரிட்ஜை இன்னும் நான் சேர்க்கவே இல்லை.

அதுவே மை டேங்க் வைத்த மாடல் என்றால், ஒரு கருப்பு பாட்டிலில் 4,500 பக்கம், மூன்று கலரும் சேர்ந்து 7,500 பக்கம் என்று எப்சன் கம்பெனி தன் 003 மை பாட்டிலுக்குக் கணக்குக் கொடுக்கிறது. பாட்டில் 500 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் பக்கத்துக்கு 11 காசு. இந்தக் கணக்கு இடைவிடாமல் அடித்துப் பார்த்து எடுத்தது. வீட்டில் இன்று நான்கு, நான்கு நாள் கழித்து ஆறு என்று அடித்தால் நடுவில் மெஷின் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளவே கொஞ்சம் மை போகும். பாதிதான் வந்தது என்று வை, அப்போதும் கால் ரூபாயைத் தாண்டாது. மெஷின் விலை பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் ஆகும், அது உண்மை. ஆனால் உன் உபயோகத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் அந்த அதிகப் பணம் திரும்பி வந்துவிடும். பெட்டியோடு முதல் செட் மையும் வந்துவிடுகிறது.

இந்த டேங்க் பிரிண்டர் எப்படி வந்தது தெரியுமா? கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகாமல் நம்மைப் போன்ற கடைக்காரர்கள் பிரிண்டரில் ஓட்டை போட்டு, வெளியே நான்கு டப்பாவில் மையை வைத்து, டியூப் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். நம் கடையிலும் அப்படி ஒன்று இருந்தது. நீ டியூப் தட்டிவிட்டு மெஜந்தா மை முழுவதும் பாவாடையில் கொட்டிக்கொண்டாயே, அதேதான். இந்த ஊர், அந்த ஊர் என்றில்லாமல் எங்கும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் எப்சனே 2010ல் டேங்க்கோடு ஒரு பிரிண்டரைச் செய்து முதலில் இந்தோனேஷியாவில் விற்றது. பிறகு கேனான், எச்.பி., பிரதர் எல்லோரும் வந்துவிட்டார்கள். கடைக்காரர்கள் தேவைக்காகச் செய்த ஒட்டுவேலைதான் இன்று கம்பெனி உத்தரவாதத்தோடு உன் வீட்டு மேஜைக்கு வருகிறது. எனக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம்.

சரி, டேங்க் என்று முடிவானால் அடுத்து மை. இதை யாரும் கடையில் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். நீயாகத்தான் கேட்க வேண்டும். மையில் இரண்டு வகை. ஒன்று டை, அதாவது தண்ணீரில் கரைந்த சாயம். இன்னொன்று பிக்மென்ட், மிக நுண்ணிய நிறத்துகள் தண்ணீரில் மிதப்பது. சாயம் பேப்பரின் நாருக்குள் ஊறும். அதனால் ஈரம் பட்டால் மறுபடி கரையும். நிறத்துகள் மேலேயே படிந்து பிடித்துக்கொள்ளும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த டியூப் பிரிண்டர் இருந்த காலத்தில் மணல்மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் வயலுக்கு வரும் வாய்க்காலை யாரோ அடைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுக்க மனு. அப்போது நமக்குத் தனி மாவட்டம் கிடையாது, 2020 கடைசியில்தான் அது வந்தது. அதுவரை நாகப்பட்டினத்துக்குத்தான் போக வேண்டும். மனுவை நானே எழுதி அடித்துக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஐப்பசி மழை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நனைந்துகொண்டே நடந்திருக்கிறார். மறுநாள் வந்து அந்தப் பேப்பரை மேஜையில் பிரித்து வைத்தார். எழுத்தெல்லாம் ஊதா நிறத்தில் பரவி, மடிப்பின் இரண்டு பக்கமும் ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழுந்து, சர்வே நம்பர் இருந்த இடத்தில் ஒரு கறை மட்டும்தான் இருந்தது. கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இன்னொரு தடவை அடிச்சுக் குடும்மா, அடுத்த திங்கள் போறேன்" என்றார். காசு வாங்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு வாரம் அவர் வயலுக்குத் தண்ணீர் தள்ளிப்போனது என் மையால்தான் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அதற்குப் பிறகுதான் விசாரித்து, கருப்பு மட்டும் பிக்மென்ட், கலர் மூன்றும் டை என்று இருக்கிற டேங்க் மெஷினை வாங்கினேன். உனக்கும் அதையே சொல்கிறேன். எப்சனில் விலை குறைந்த மாடல்களுக்கு வருகிற 003 மையில் கருப்பும் டைதான். அதே கம்பெனியில் 001 மை போடுகிற மாடல்களில் கருப்பு பிக்மென்ட். கேனான் ஜி சீரிஸில் பல மாடல்களிலும், பிரதர் டேங்க் மாடல்களிலும் கருப்பு பிக்மென்ட் உண்டு. பெட்டியிலோ மை பாட்டிலிலோ போட்டிருக்கும், பார்த்து வாங்கு. குழந்தைகள் ஒர்க்‌ஷீட்டில் வாட்டர் பாட்டிலைக் கவிழ்க்காத நாள் உண்டா? சின்னவள் ஸ்கெட்ச் பேனாவால் எழுத்தின் மேல் தீற்றினாலும் பரவாது.

ஆனால் பிக்மென்டுக்கு ஒரு குணம் உண்டு. சும்மா இருந்தால் அடைத்துக்கொள்ளும். நீ அப்போது கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாய். சித்தி வீட்டுக் கல்யாணத்துக்காகக் கடையை ஒன்பது நாள் பூட்டியிருந்தோம். திறந்த அன்று சனிக்கிழமை சாயங்காலம். குத்தாலத்துக்கு உள்ளே ஏதோ கிராமத்துப் பெண், மறுநாள் குரூப் 4 பரீட்சை, ஹால் டிக்கெட் எடுக்க வந்தாள். லேசர் மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. இந்த டேங்க் மெஷினில் அடித்தால் அவள் போட்டோவில் நெற்றி முதல் கழுத்து வரை வெள்ளைக் கோடு கோடாக ஓடுகிறது, பதிவெண்ணில் பாதி இல்லை. நாசில் செக் போட்டேன், மை வருகிற துளைகள் எல்லாம் திறந்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனைத் தாள். மற்ற மூன்று நிறமும் சரியான படிக்கட்டாக வர, கருப்பு மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி அங்கங்கே காணோம். மை தெளிக்கிற பாகமான ஹெட்டுக்கு கிளீனிங் ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. டேங்க்கில் மை இறங்குவது கண்ணுக்கே தெரிகிறது, கோடு மட்டும் சேரவில்லை. அவளுடைய கடைசி பஸ் ஒன்பது மணிக்கு. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள்.

அப்போதுதான் தோன்றியது. பிரிண்ட் செட்டிங்கில் பேப்பர் வகையை போட்டோ பேப்பர் என்று மாற்றினால் மெஷின் பிக்மென்ட் கருப்பை எடுக்காது, கலர் மூன்றையும் கலந்து கருப்பை உண்டாக்கிக்கொள்ளும். சாதா ஏ4 தாளை வைத்து அப்படி மாற்றி அடித்தேன். எழுத்து கொஞ்சம் பழுப்பாக வந்தது. ஆனால் முகம் முழுதாக இருந்தது, ஒரு எண் விடாமல் வந்தது. ஈரம் காயும்வரைகூட நிற்காமல் தாளின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஓடினாள். இந்த வழியை நீயும் ஞாபகம் வைத்துக்கொள், என்றைக்காவது ராத்திரி பத்து மணிக்குக் கை கொடுக்கும்.

அதனால் இப்படி மை தெளித்து அடிக்கிற இங்க்ஜெட் எதை வாங்கினாலும் வாரத்துக்கு ஒரு முறையாவது நான்கு நிறமும் வருகிற மாதிரி ஒரு பக்கம் அடித்துவிடு. ஊருக்கு வந்து இரண்டு வாரம் தங்குகிறாய் என்றால் திரும்பியதும் முதல் வேலையாக நாசில் செக். கோடு விட்டிருந்தால் இரண்டு மூன்று கிளீனிங்குக்கு மேல் போகாதே. அணைத்து ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பார், பல நேரம் தானாகவே இளகியிருக்கும். இன்னொன்று, சுவர் சுவிட்சைத் தட்டி ஒருபோதும் அணைக்காதே. மெஷினில் இருக்கிற பொத்தானை அழுத்தினால்தான் ஹெட் ஓரமாகப் போய் மூடிக்குள் உட்காரும். சுவிட்சைத் தட்டினால் ஹெட் திறந்தபடியே நின்று காய்ந்துவிடும். உங்கள் அப்பா மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ராத்திரி மெயினை அணைத்தே ஒரு ஹெட் போனது.

ஹெட் என்றதும், பெரியவனுக்கு ஒரு கதை சொல். 1977ல் கேனான் ஆய்வுக்கூடத்தில் ஈயப் பற்று வைக்கிற சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாக மை நிரப்பிய சிரிஞ்ச் ஊசியில் பட்டது. உடனே ஊசி நுனியிலிருந்து மை பீறிட்டது. அதைப் பார்த்துத்தான் மையை நொடியில் சூடாக்கி, குமிழி கிளப்பி, சொட்டைத் தள்ளுகிற முறையை உண்டாக்கினார்கள். எப்சன் வேறு வழி. அதில் சூடு கிடையாது, மின்சாரம் பட்டால் வளைகிற ஒரு படிகம் சொட்டை உந்தித் தள்ளும். உனக்கு இதில் வேண்டியது ஒன்றுதான்: ஹெட் கெட்டால் நாமே வாங்கி மாட்ட முடிகிற மாதிரி தனியாகக் கிடைக்குமா என்று கேள். சில மாடல்களில் கிடைக்கும், சிலவற்றில் சர்வீஸ் சென்டர் போய்த்தான் ஆக வேண்டும், செலவும் பெரிது.

கிளீனிங்கில் போகிற மை எங்கே போகிறது என்றும் கேட்டுக்கொள். உள்ளே ஒரு பஞ்சுத் தட்டு இருக்கும். அது நிறைந்துவிட்டதாக மெஷின் கணக்குப் போட்டால் அச்சடிப்பதையே நிறுத்திவிடும். புது மாடல்கள் பலவற்றில் அதை நாமே கழற்றி மாற்றுகிற மாதிரி மெயின்டனன்ஸ் பாக்ஸாக வைத்துவிட்டார்கள். அப்படி இருந்தால் நல்லது.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். ஸ்கேனர் வேண்டும், ஆதாருக்கும் மார்க் ஷீட்டுக்கும் அது இல்லாமல் முடியாது. ஒய்ஃபை வேண்டும், போனிலிருந்தே அடிக்கலாம். ஆனால் வீட்டு பிரிண்டர் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒய்ஃபையில்தான் சேரும். சேரவில்லை என்றால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன் ரூட்டரைப் பார்க்கச் சொல். கையில் பணம் இருந்தால் தானாகவே பேக் டு பேக் அடிக்கிற மாடலாக வாங்கு. பிரதரில் மாடல் பெயர் டி.டபிள்யூ. என்று முடிந்தால் டூப்ளெக்ஸும் (அந்த பேக் டு பேக்தான்) ஒய்ஃபையும் உண்டு என்று அர்த்தம். மேலே தாள் அடுக்கி ஸ்கேன் செய்கிற வசதிக்காக அதிகம் கொடுக்காதே, வீட்டுக்கு அது வேண்டாம். நிமிஷத்துக்கு இத்தனை பக்கம் என்பதையும் பார்க்காதே. குடும்ப போட்டோக்களை இதில் அடிக்கலாம் என்று நினைக்காதே, அதற்கு ஸ்டூடியோ இருக்கிறது. வெயில் படுகிற சுவரில் மாட்டினால் டை மை வெளுத்துப் போகும்.

பேப்பரின் கனம் 75 ஜி.எஸ்.எம். போதும். நான் கடைசிவரை கரூர் காகிதபுரத்து டி.என்.பி.எல். தாளைத்தான் போட்டேன், கரும்புச் சக்கையில் செய்கிறார்கள். அங்கே கிடைத்தால் வாங்கிப் பார். பிரித்த பேப்பர் கட்டை அதன் உறையிலேயே மடக்கி வை. ஈரம் ஏறினால் தாள் சுருண்டு சிக்கும்.

வாடகை வீடு, என்றைக்காவது மாற வேண்டி வரும். அப்போது லாரிக்காரரிடம் கொடுத்துவிடாதே. டேங்க்கில் மையோடு சாய்த்தால் எல்லாம் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். டேங்க் மூடிகளை இறுக்கி, லாக் இருந்தால் போட்டு, நிமிர்த்தியபடியே உன் காரில், உன் காலடியில் வைத்துக்கொண்டு போ.

உன் பழைய பச்சைத் தாவணி பீரோவில் இருந்தது. அதில் பிரிண்டருக்கு ஒரு உறை தைக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். மெஷின் வந்ததும் நீள அகல உயரம் அளந்து அனுப்பு. அப்பா வருகிற மாதம் வரும்போது கொண்டு வருவார். மை ஊற்றி முடித்ததும் முதலில் நாசில் செக் ஒரு தாள் அடித்து, நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து எனக்குப் போடு. நான்கு நிறத்திலும் ஒரு கோடு விடாமல் இருக்கிறதா என்று நான் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

குழந்தைகளுக்கு முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா