அவசரச் சட்டத்துக்கு என்ன அவசரம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாடாளுமன்றமோ சட்டமன்றமோ கூடாத நாட்களில் உண்மையான அவசரத்துக்காக அரசுக்குத் தரப்பட்டதுதான் அவசரச் சட்ட அதிகாரம். அவை கூடி ஆறு வாரத்துக்குள் சட்டமாக நிறைவேற்றாவிட்டால் அது காலாவதியாகிவிடும். ஆனால் பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள்! அவையின் கூட்டத்தொடர் முடிந்ததும் அதே அவசரச் சட்டங்களை மறுபடி பிறப்பித்து, சிலவற்றைப் பத்தாண்டுக்கும் மேல் உயிரோடு வைத்திருந்தார்கள். புனே பேராசிரியர் வாத்வா வழக்குத் தொடுத்த பிறகுதான், இது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017இல் ஏழு நீதிபதிகள் அமர்வும் இதைக் கண்டித்தது.

சரி, அதற்குப் பிறகு? 2020 ஜூனில் மூன்று வேளாண் சட்டங்களும் அவசரச் சட்டங்களாகத்தான் முதலில் வந்தன. விவசாயியின் பிழைப்பைத் தொடும் விஷயத்தை அவையில் பேசாமல் ஏன் தொடங்க வேண்டும்? கேள்வி கேட்கத்தானே உறுப்பினர்களை அனுப்புகிறோம்? இனியாவது, அவை கூடும் முதல் நாளிலேயே அவசரச் சட்டங்களை விவாதத்துக்கு எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மன்னார்குடி