பஞ்சருக்கு வந்தாலும் பிரேக்கைப் பார்த்துத்தான் கொடுப்போம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பஞ்சர் ஒட்டத்தானே விட்டுட்டுப் போனேன், பிரேக்கை எதுக்குக் கழட்டுறீங்க?" என்று கொஞ்ச நாளாகப் பலர் கேட்கிறீர்கள். எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறோம்.

திருத்துறைப்பூண்டியில் நம் கடைக்கு எந்த வேலைக்கு சைக்கிள் வந்தாலும் இனி இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கையில் கொடுப்போம். கூலி கிடையாது. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் கட்டையின் விலை மட்டும், அதுவும் இப்போது முடியாதென்றால் அறுப்பு முடிந்து கொடுங்கள். ரிஃப்ளெக்டர் இல்லையென்றால் நாங்கள் ஒட்டும், வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கர் கடைச் செலவு.

விடியுமுன்னே வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்குப் போகிறவர்கள், நடவுக்குப் போகும் அக்காமார், பால் ஊற்றுகிறவர்கள், பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் வரும் பிள்ளைகள், இவர்களை நம்பித்தான் நம் கடை நடக்கிறது. அரசு டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்ல காரியம்தான். ஆனால் பஸ்ஸே நுழையாத வாய்க்கால் கரைத் தெருவுக்கும், காலையில் ஒரு தடவை வந்தால் அப்புறம் சாயங்காலம்தான் என்கிற காலனிக்கும் சைக்கிளை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அங்கேதான் தெருவிளக்கும் குறைவு.

தை மாதத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலைப் பனி, சம்பா அறுப்பு, கொள்முதல் நிலையத்துக்கு நெல் லாரி, ரோட்டையே அடைத்துக்கொண்டு வரும் அறுவடை இயந்திரம், பாதி ரோட்டில் காயப்போட்ட நெல். சைக்கிள்காரர் அந்த நெல்லுக்கு ஒதுங்கி நடு ரோட்டுக்கு வருவதும் பின்னால் லாரி வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். லாரி வெளிச்சம் பட்டதும் ரிஃப்ளெக்டர் அந்த ஒளியை டிரைவர் கண்ணுக்கே திருப்பி அனுப்பும், கருப்புச் சட்டை அனுப்பாது. கேரியரில் ஒட்டினால் புல்லுக்கட்டும் பால் கேனும் மறைத்துவிடும் என்பதால் பின் மட்கார்டின் கீழ்நுனியில் வெளிப்பக்கமாக ஒட்டுகிறோம். பெடலிலும் இருந்தால் இன்னும் நல்லது, மேலும் கீழும் அசைகிற வெளிச்சத்தைப் பார்த்ததுமே சைக்கிள் போகிறது என்று தெரிந்துவிடும்.

இரும்பு ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும், வண்டி நிற்க ரொம்ப தூரம் எடுக்கும். அதனால் மழையில் மதகுப் பாலம் இறங்கும்போது முன்கூட்டியே லேசாகப் பிடித்துக்கொண்டே வாருங்கள். உப்புக்காற்றுப் பக்கத்து வண்டிகளில் பிரேக் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடுகிறது, வெளியே பார்த்தால் தெரியாது, அதனால்தான் கழற்றிப் பார்க்கிறோம். இன்னொன்று, சின்னப் பிள்ளையைக் கேரியரில் உட்கார வைக்கிறவர்கள் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கம்பி வலை போடாமல் ஏற்றாதீர்கள். ஸ்போக்ஸ் கம்பிக்குள் குதிகால் மாட்டினால் சதையே கிழிந்துவிடும்.

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களும் குவாரியில் கல் உடைக்கிறவர்களும் அதில் இருந்தார்கள். நம் பக்கத்தில் இன்றும் முப்பது, நாற்பது வயதில் "எனக்கு ஓட்ட வராது தம்பி" என்று சொல்லி மூன்று கிலோமீட்டர் நடந்தே வேலைக்குப் போகிற அக்காமார் நிறையப் பேர். அவர்களுக்காக ஞாயிறு காலையில் கடைக்குப் பின்னால் உள்ள திடலில் உயரம் குறைந்த இரண்டு சைக்கிள்களை நிறுத்திவைக்கப் போகிறோம். காசு வேண்டாம், சேலையிலேயே வரலாம், கற்றுத்தர எங்கள் வீட்டுப் பெண்கள் இருப்பார்கள். வெளியாள் யாரும் நின்று வேடிக்கை பார்க்க விடமாட்டோம்.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறோம். அரசின் இலவச சைக்கிள் 2001 வாக்கில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆனது. ஆனால் அது கைக்கு வருவது பதினொன்றில்தான், ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அதே தூரம்தான் போக வேண்டியிருக்கிறது. படிப்பு முடிந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் சும்மா நிற்கும் சைக்கிள் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். பேரிங் குண்டு, டயர், பிரேக் எல்லாம் மாற்றி, சீட்டை இறக்கி, இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். செயின் துருப்பிடித்திருந்தாலும் பெல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஃபிரேம் மட்டும் உடையாமல் இருக்க வேண்டும்.