வாழைச்சேனை ஆலைக்கு வைக்கோல் அல்ல, பழைய கடதாசியே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகச் சந்தையில் கடதாசிக்கு மூலப்பொருளான மரக்கூழின் விலை ஏறும்போதெல்லாம், வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் பழையபடி வைக்கோலை அவித்துக் கூழ் எடுக்கலாம் என்ற பேச்சு மட்டக்களப்பில் எழுகிறது. ஆலை முழு அளவில் ஓட வேண்டும் என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வைக்கோலை நம்பி அது ஓடாது. பிரேசிலுக்கும் சீனாவுக்கும் இடையே நடக்கும் கூழ் வியாபாரத்தைக் கவனித்தால் காரணம் விளங்கும்.

கூழ் ஏற்றுமதியில் முதலிடம் பிரேசிலுக்கு, இறக்குமதியில் சீனாவுக்கு. பிரேசில் அனுப்பும் கூழில் ஐந்தில் இரண்டு பங்களவு சீனாவுக்கே போகிறது. பிரேசிலில் யூக்கலிப்டஸ் நட்டு ஆறேழு ஆண்டில் வெட்டிவிடுகிறார்கள். ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்குச் சுமார் 35 கன மீற்றர் மரம் கிடைக்கிறது. ஒரு தொன் கூழுக்கு ஏறக்குறைய 4 கன மீற்றர் போதும். பிரேசிலின் சுசானோ நிறுவனம் 2024 ஜூலையில் அங்குள்ள ரிபாஸ் டோ ரியோ பார்டோவில் தொடங்கிய ஆலை ஒன்றே ஆண்டுக்கு 25.5 இலட்சம் தொன், அதாவது நாளுக்கு 7,000 தொன் எடுக்கக்கூடியது. சீனாவும் சும்மா இருக்கவில்லை. வியட்நாமிலிருந்து மரச்சீவல் இறக்கி, கடதாசி ஆலைகளோடு சேர்த்தே சொந்தக் கூழ் ஆலைகளைக் கட்டிவருகிறது. பிரேசில் விலையை ஏற்றினால் சீனா கொள்வனவைக் குறைக்கும். 2022 இறுதியில் சீனாவில் தொன்னுக்கு 850 டொலர் வரை விற்ற யூக்கலிப்டஸ் கூழ், 2023 நடுப்பகுதியில் 500 டொலர் அளவுக்கு இறங்கியது. விலை உச்சியில் நிற்கும்போது கணக்குப் பார்த்து இங்கே ஒரு வைக்கோல் ஆலையை அமைத்தால், அது ஓடத் தொடங்குமுன்னே விலை விழுந்துவிடும்.

வைக்கோலின் கணக்கு இதைவிடக் கடினமானது. ஒரு தொன் கூழுக்கு இரண்டரைத் தொன் வைக்கோல் வேண்டும். நாளுக்கு 50 தொன் கூழ் எடுக்கும் சின்ன ஆலைக்கே தினமும் 125 தொன் வைக்கோல் வந்து இறங்க வேண்டும். ஒரு லொறியில் மூன்று, நான்கு தொன்னுக்கு மேல் வைக்கோல் கட்டு ஏறாது. ஆகவே தினம் முப்பது, நாற்பது லொறி. அறுப்பு நடப்பதோ வருடத்தில் இரண்டு முறை. மழையில் நனையாமல் மாதக்கணக்கில் அடுக்கிவைக்கக் கொட்டில்கள் வேண்டும். நனைந்தால் நார் அழுகிக் கூழின் அளவும் பலமும் குறையும். மாட்டுக்காரரும் கோடையில் இதே வைக்கோலைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான சிக்கல் வைக்கோலில் உள்ள சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். வைக்கோலின் எடையில் பத்தில் ஒரு பங்களவு அதுதான். எரிசோடாக் கரைசலில் அவிக்கும்போது சிலிக்கா கரைந்து, கூழை எடுத்தபின் எஞ்சும் கறுப்புத் திரவத்தில் சேரும். மர ஆலைகள் அந்தத் திரவத்தை வற்றவைத்து எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கின்றன, சோடாவையும் மீட்கின்றன. வைக்கோல் திரவத்தை வற்றவைத்தால் குழாய்களின் உள்ளே சிலிக்கா கல்லாகப் படிந்து அடைத்துவிடும். சோடா மீளாததால் செலவு ஏறும்; திரவம் வாவியைத்தான் தேடிப் போகும். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் கூழில் தண்ணீர் மெதுவாகவே வடியும், இயந்திர வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கும்.

2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போனதைச் சிலர் உதாரணம் காட்டுகிறார்கள். அப்போது பற்றாக்குறையாக இருந்தது டொலர். 80 பக்கக் கொப்பியில் சுமார் 80 கிராம் தாள் இருக்கும். தொன் 1,000 டொலர் என்று வைத்தால் தாளின் விலை 8 சதம் டொலர்: டொலர் 200 ரூபாயாக இருந்தபோது 16 ரூபாய், 360 ஆனபோது 29 ரூபாய். கூழ் விலை அசையாவிட்டாலும் இந்த ஏற்றம் வந்தே தீரும். டொலரை மிச்சப்படுத்துவதுதான் நோக்கமென்றால் பழைய கடதாசி நம் கையிலேயே இருக்கிறது.

சீனா 2021 ஜனவரி 1 முதல் கழிவுக் கடதாசி இறக்குமதியை நிறுத்தியது. அதன்பின் மலேசியாவிலும் தாய்லாந்திலும் பழைய கடதாசியைக் கூழாக்கிச் சீனாவுக்கு அனுப்பும் தொழில் வளர்ந்தது. இதற்கு அவிப்புக் கொப்பரையும் கறுப்புத் திரவமும் தேவையில்லை. நீரில் கலக்கிக் கரைத்து, சல்லடையில் வடித்தால் போதும். பழைய காட்போட் பெட்டியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் கூழாகத் திரும்பும்.

கெடுவது பெரும்பாலும் சேகரிப்பில்தான். பழுப்பு அட்டை, எழுதிய கொப்பி, பத்திரிகை மூன்றையும் ஆரம்பத்திலேயே பிரிக்க வேண்டும். பத்திரிகைத் தாள் கலந்தால் வெள்ளைக் கூழ் மங்கி, பின்னர் மஞ்சளிக்கும். செலோடேப்பும் புத்தக முதுகுப் பசையும் சூட்டில் இளகி, உலர்த்தும் உருளையில் ஒட்டித் தாளை அறுத்துவிடும். ஸ்டேப்ளர் கம்பி அவ்வளவு ஆபத்தில்லை, கனமாக இருப்பதால் அடியில் படிந்துவிடும். பிளாஸ்டிக் பூசிய அட்டையும் பால் பெட்டியும் வேண்டவே வேண்டாம். எடை கூட்டத் தண்ணீர் தெளிக்கும் வழக்கமும் உண்டு. அதற்கு ஈரமானி வைத்து, 10 சதவீத ஈரத்தை அளவாகக் கொள்ள வேண்டும்: 25 சதவீதம் ஈரமுள்ள ஒரு தொன்னில் உலர்ந்த தாள் 750 கிலோதான்; 10 சதவீத ஈரத்தோடு கணக்கிட்டால் 833 கிலோவுக்கே பணம்.

ஒவ்வொரு முறை கரைக்கும்போதும் நார் தேய்ந்து குட்டையாகும். ஆகவே எழுதும் தாளுக்கு 10 முதல் 20 சதவீதம் புதிய ஊசியிலை மரக் கூழ் சேர்க்க வேண்டும். இந்த நெடுநார்க் கூழ் பிரேசிலின் யூக்கலிப்டஸிலிருந்து வருவதல்ல. கனடா, பின்லாந்து, சிலி போன்ற நாடுகளிலிருந்து வருவது, விலையும் வேறு. கேள்விப்பத்திரம் கோரும் அதிகாரிகள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

வலயக் கல்வி அலுவலகங்களிலும் கச்சேரியிலும் பிரதேச சபைகளிலும் கழிக்க வேண்டிய விடைத்தாள்களும் கோவைகளும் கறையான் அரிக்கக் கிடக்கின்றன. அவற்றைத் தரம் பிரித்து நேரே வாழைச்சேனைக்கு ஒப்படைக்க மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு ஒரு தீர்மானம் எடுத்தாலே வேலையைத் தொடங்கிவிடலாம்.

கடதாசித் துறை சார்ந்த வாசகர்கள்,
மட்டக்களப்பு.