வந்தவளுக்குப் பத்தரமுல்லை

கிளிநொச்சி
12.10.2025

அன்பு மச்சான்,

நீ அனுப்புற பனிப் படங்களுக்கு வாட்ஸ்அப்பில ஒரு கும்பிடு போட்டுப் போட்டே ஒன்பது மாதத்தை ஓட்டிப்போட்டன். ஏசாத. அம்மாவுக்கு முழங்கால் நோவு அப்படியேதான். காலபோகத்துக்கு உழுதாச்சு, மழை இன்னும் கண் திறக்கேல்ல. சோடா மாஸ்டர் பென்சன் எடுத்தும் அடங்கேல்ல, உன்னை விசாரிச்சவர். எந்த முகத்தோட விசாரிச்சிருப்பார் எண்டு உனக்குத் தெரியும்.

விசயத்துக்கு வாறன். போன புதன்கிழமை தங்கச்சியின்ர மகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் பக்கத்தில இருக்கிற பத்தரமுல்லைக்குப் போனன். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின்ர தலைமையகம் இப்ப அங்கதானே, சுஹுருபாயக் கட்டடத்தில. 2011இல நாங்கள் விடியச் சாமத்திலேயே போய் வரிசையில நிண்டமே, அந்தப் புஞ்சி பொரளைக் கட்டடம் இல்லை. அந்த வடைக்காரனை மட்டும் தேடினன். அங்க அப்படி ஒருத்தரும் இல்லை.

பிள்ளை பிறந்தது தமிழ்நாட்டில, மண்டபம் அகதி முகாமில. 90இல தங்கச்சி பேசாலையில வள்ளம் ஏறினதும், அங்கயே கலியாணம் முடிச்சதும் நீ அறிஞ்சதுதான். திரும்பி வரேக்க பிள்ளைக்குப் பதின்மூண்டு வயசு. இப்ப இருபத்திரெண்டு. கையில இருக்கிறது இந்தியப் பிறப்புச் சான்றிதழ் ஒண்டுதான். வெளிநாட்டில பிறந்த பிள்ளை எண்டால் குடியுரிமைச் சட்டத்தின்ர 5(2)ஆம் பிரிவில பதிஞ்சு சான்றிதழ் எடுக்கவேணும். அது இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அடையாள அட்டை இல்லாமல் வேலையும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. அங்க இருக்கேக்கயே சென்னையில இருக்கிற எங்கட துணைத் தூதரகத்தில பதிஞ்சிருந்தால் சோலி முடிஞ்சிருக்கும். தங்கச்சி 'ஊருக்குப் போய்ப் பாப்பம்' எண்டு விட்டிட்டாள். நானும் 'பாப்பம்' எண்டே ஒன்பது வருசம் இருந்திட்டன். அதால ஆரைக் குறை சொல்லுறது?

ஆனால் மச்சான், ஒண்டு என்ர நெஞ்சுக்குள்ள கிடந்து குடையுது. கடவுச்சீட்டு எடுக்கிறதெண்டால் வவுனியாவில அலுவலகம் இருக்கு. கண்டி, மாத்தறை, குருநாகலிலயும் இருக்கு. செப்டெம்பரில யாழ்ப்பாணக் கச்சேரியிலயும், அதுதான் மாவட்டச் செயலகத்திலயும், ஒண்டு திறந்தாச்சு. நல்லது, வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஆனால் குடியுரிமைப் பிரிவு பத்தரமுல்லையில. நாட்டை விட்டுப் போறவனுக்குப் பக்கத்திலயே வாசல். திரும்பி வந்தவளுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல. திணைக்களத்தின்ர பேரில மட்டும் குடிவரவுதான் முதல் வருது!

தருமபுரத்து ஐயாவுக்குச் சொன்னன். மனுசன் சிரிச்சுப்போட்டு உள்ள போய் ஒரு பொலித்தீன் உறையை எடுத்துக்கொண்டு வந்தார். அதுக்குள்ள இன்னொரு உறை, அதுக்குள்ள இன்னொண்டு. கடைசியில அவற்ற குடியுரிமைக் கடுதாசி, இந்திய வம்சாவளிச் சனத்துக்குக் குடியுரிமை குடுத்த 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு கிடைச்சது. "1948இல தோட்டத்துச் சனம் எங்களைக் குடியுரிமை இல்லாம வெளிய விட்டாங்க தம்பி. 64இல நம்ம பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இருந்து, இவ்வளவு பேர் அங்க, இவ்வளவு பேர் இங்கன்னு பிரிச்சாங்க. அஞ்சேகால் லட்சம் அங்க, மூணு லட்சம் இங்க. நான் ரெண்டு கணக்கிலயும் இல்ல" எண்டார். மலையகத் தோட்டத்தில பிறந்து 77 கலவரத்தில அடி வாங்கி வன்னிக்கு வந்தவர். அதுக்குப் பிறகு என்ர ஒன்பது வருசத்தைப் பற்றி வாய் திறக்க வெட்கமாப் போச்சு.

இரவு பஸ் எங்களைக் கொழும்புக் கோட்டையில நாலு மணிக்கு இறக்கிச்சு. புறக்கோட்டையில 170 பிடிச்சுப் போய்ச் சேர விடிஞ்சிட்டுது. பிள்ளை பைலை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பொத்திக்கொண்டு வந்தாள், நித்திரையிலயும் விடேல்ல. நாங்கள் சண்டைக் காலத்தில ஓமந்தைச் சோதனைச்சாவடியில பொதி அவிட்டு இறங்கி ஏறின கதையைச் சொன்னன். "அப்ப நீங்க உள்நாட்டுக்குள்ளயே பாஸ்போட்டோட போனீங்களா மாமா?" எண்டு கேட்டாள். என்ன சொல்ல? வன்னியை விட்டு வெளிய வரப் பாஸ் எடுத்த கதை தொடங்கினால் தம்புள்ளை வரை முடியாது.

கவுண்டரில இருந்த பொடியன் தமிழ்ப் பொடியன். பேரைக் கேட்டு, "மண்டபத்திலயா பிறந்தது?" எண்டான். இவள் "ஆமாங்க" எண்டாள். அவன் தலையைத் தூக்கிப் பாத்துச் சிரிச்சான். இவளுக்கு முகம் சிவந்துபோச்சு. பள்ளிக்கூடத்தில 'இந்தியாக்காரி' எண்டு பட்டம் வச்சதில இருந்து அந்த 'ஆமாங்க'வை அடக்கி வச்சிருந்தவள். பயத்தில தானா வெளிய வந்திட்டுது. பொடியன் நல்லவன். ஒவ்வொரு கடுதாசியாப் பாத்தான். தாய் தகப்பன்ர பிறப்பு அத்தாட்சி சரி, வந்த பயணப் பத்திரம் சரி. கலியாண அத்தாட்சிதான் பிழைச்சுது. குற்றம் எங்கடதுதான். தங்கச்சியின்ர ட்ரங்குப் பெட்டிக்குள்ள கறையான் அரிச்சு, பதிவு இலக்கம் இருந்த மூலையே இல்லை. மங்கல் போட்டோக்கொப்பியில அவன் என்னத்தை வாசிக்கிறது? தெளிவான பிரதி ஒண்டோட வாங்கோ எண்டான்.

வெளிய வந்து மரத்தடியில இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டம். அவள் அழேல்ல. "மாமா, நான் கறையானை விடச் சின்ன ஆளா?" எண்டாள். எனக்குத்தான் பாண் இறங்கேல்ல.

இனி உன்ர பங்கு. உன்ர தம்பி இன்னும் தமிழ்நாட்டு இராமநாதபுரத்திலதானே? அவனிட்டச் சொல்லி அங்கத்தைய சார்பதிவாளர் அலுவலகத்தில ஒரு பிரதி எடுப்பிக்கவேணும். கலியாணம் 2001, ஆவணி மாதம். திகதி தங்கச்சிக்கே ஞாபகம் இல்லை, அத்தான் ரெண்டு திகதி சொல்லுறார். ரெண்டையும் வாட்ஸ்அப்பில போடுறன். செலவை நான் தாறன் எண்டு சொன்னால் நீ கோபிப்பாய், அதால சொல்லேல்ல.

இரட்டைக் குடியுரிமைக்கு எழுதப்போறன் எண்டு ரெண்டு வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். கனடாப் பிரசை ஆன அண்டே இங்க உன்ர கணக்கு முடிஞ்சுது, ஞாபகம் வச்சுக்கொள். அதுவும் அதே கட்டடம்தான். நீ வாற அண்டைக்கு நானும் கூட வாறன். எந்தக் கவுண்டர் எண்டு இப்ப என்னை விட்டால் கிளிநொச்சியில ஆருக்குத் தெரியும்?

தம்பியின்ர புது நம்பரை இண்டைக்கே அனுப்பு.

உன்ர,
பெரிய தலை