நுவேவோ ப்ரோக்ரெஸோ எல்லைப் பாலத்தில் பின்னால் நின்ற அம்மாவுக்கு

மெக்சிகோவில் பல் வைத்தியம் முடிந்து டெக்சாஸுக்கு நடந்தே திரும்பும் வரிசை. சுழல்கதவுக்குச் சில்லறை வேண்டும். எங்களிடம் 20 டாலர் நோட்டுதான். கேட்காமலே நாணயங்களைப் போட்டீர்கள், அம்மா.

அதைவிடப் பெரிது, எங்கள் பையை எட்டிப் பார்த்துச் சொன்னது. மாம்பழம், கொய்யா அமெரிக்காவுக்குள் போகாது, பழ ஈ கூடவே வந்துவிடும் என்ற பயம். அவகாடோவில் கொட்டை இருக்கக் கூடாது. எது இருந்தாலும் அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மறைத்தால்தான் அபராதம். சொன்னதோடு விட்டீர்களா? டாக்கோ கடை பிளாஸ்டிக் கத்தியால் நான்கு அவகாடோவையும் பிளந்து, கொட்டையை நெம்பி எறிந்து, பாதிகளைப் பழையபடி பொருத்தி டிஷ்யூவில் சுற்றித் தந்தீர்கள். நான்கும் வீடு வந்து சேர்ந்தன.

மாம்பழங்களை அங்கேயே நின்று தின்று தீர்த்தோம். நீங்களும் ஒரு துண்டு எடுத்திருக்கலாம்.